முப்பத்தெட்டு மார்க்

இடைவேளை முடிந்து விளக்கை அணைத்த பிறகுதான், பாத்ரூம் போயிருக்கலாமே என்று சம்பூரணத்துக்கு உறைத்தது. பத்து நிமிஷம் விட்டார்கள், அத்தனை பேரும் எழுந்துபோய் காபி குடித்துவிட்டு வந்தார்கள், இவள் மட்டும் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சீட்டைவிட்டு அசையவில்லை, எழுந்து போன நேரம் பார்த்து அந்தக் கடுதாசி சீன் வந்து தொலைத்தால் என்ன செய்வது என்று. இடைவேளையில் படமே ஓடாது என்பதுகூடத் தோன்றவில்லை, பயம் வந்துவிட்டால் புத்தி இப்படித்தான் எங்கேயாவது மேயப் போய்விடும். இப்போது அடிவயிறு முட்டுகிறது, ஏசி வேறு முழங்காலைப் பிடித்துக் குடைகிறது. இடது பக்கம் அவள் புருஷன் ஏகாம்பரம் காலை நீட்டிக்கொண்டு சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். வலது பக்கம் சவுண்டு இன்ஜினியரின் மாமியாராம், முன்பின் தெரியாத அம்மாள், பையிலிருந்து முறுக்கை ஒடித்து ஒடித்து, சத்தம் வரக்கூடாதென்று வாயிலேயே ஊறவைத்துச் சாப்பிடுகிறாள். மகன் இளஞ்செழியன் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நிற்கிறான், உட்கார மாட்டேன் என்றுவிட்டான். அவன் எடுத்த முதல் படம். ஆறு வருஷம் நாய் படாத பாடு பட்டு எடுத்தது, இன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு, சென்னையில், நாற்பது பேர் உட்காருகிற சின்னத் தியேட்டரில், வேலை செய்தவர்களுக்கும் அவர்கள் வீட்டு மனிதர்களுக்கும் போட்டுக் காட்டுகிறார்கள். செய்யாற்றிலிருந்து விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து இரண்டு பேரும் வந்திருக்கிறார்கள். பெத்த வயிறு குளிர்ந்து போயிருக்க வேண்டிய நாள், குளிரவில்லை. ஏனென்றால் வாசலில் செருப்பைக் கழற்றப் போன அம்மாவைப் பிடித்து நிறுத்தி, "தியேட்டர்மா இது, செருப்போடவே போலாம்," என்று சிரித்த பிள்ளை, காதருகே குனிந்து, "செகண்ட் ஹாஃப்ல உனக்காக ஒண்ணு வச்சிருக்கேம்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். உனக்காக ஒண்ணு. அவளுக்காக என்று வைப்பதற்கு அவளிடம் என்ன இருக்கிறது, மாத்திரை டப்பாவும் முழங்கால் வலியும் போக இந்தக் கடுதாசி ஒன்றுதான் இருக்கிறது. அதைப் படத்தில் வைத்திருந்தான் என்றால், பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கிற இந்த மனுஷன் இன்னும் ஒரு மணி நேரத்தில் உண்மையைத் தெரிந்துகொள்வார், இருபத்தைந்து வருஷமாக எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரோ அதை எழுதியது பெண்டாட்டி என்று தெரிந்துகொள்வார், அதற்கப்புறம் எழுந்து நிற்பாரா மாட்டாரா என்பது அந்தக் கடவுளுக்கே வெளிச்சம்.

வராது, வராது, வந்திருக்காது. முதல் பாதியில் அதற்கான அடையாளமே இல்லையே. படம் ஒரு டிரைவிங் ஸ்கூல்காரரைப் பற்றியது, சதானந்தம் என்று பெயர், அவரிடம் கார் ஓட்டப் படிக்க வருகிற ஒருத்தரும் லைசென்ஸ் வாங்கியதாகச் சரித்திரம் இல்லை, எட்டுப் போடச் சொன்னால் ஆறு போடுகிறார்கள், பிரேக்கை மிதிக்கச் சொன்னால் கண்ணை மூடுகிறார்கள், ஒரு தடிமாடு, டெஸ்ட் வைக்க வந்த ஆபீசரின் ஜீப்பைத் தாண்டி ஆபீஸ் சுவரிலேயே கொண்டுபோய் இடித்துவிட்டான், சதானந்தம் இறங்கி நின்று சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சுவரு கொஞ்சம் வெளிய வந்திருக்கு," என்கிறார். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. சம்பூரணம் சிரிக்கவில்லை. அந்தச் சுவர் வசனம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும், டுடோரியல் கூரை ஒழுகிப் பிள்ளைகள் நோட்டெல்லாம் நனைந்த அன்றைக்கு, "வெயில் காலத்துல ஒழுகாது பாரு," என்று சொன்ன வாய் அது. சதானந்தத்தின் சட்டைப் பையில் மூன்று பேனா, நடையில் ஒரு துள்ளல், பேசும்போது எதிராளியின் தோளில் கை, எல்லாம் இவர்தான், அச்சு அசல். செய்யாற்றில் விடிவெள்ளி டுடோரியல் கல்லூரி என்று ஒன்றை வைத்துக்கொண்டு, பத்தாவது தவறியவர்களைச் சேர்த்து, நாற்பது வருஷமாக அவர்களைத் தேற்றிக்கொண்டிருக்கிற ஏகாம்பரம்தான். தவறினவன் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "பெயிலுன்னு யாரு சொன்னா உனக்கு, உன் பாஸ் தேதி கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு, அவ்வளவுதான்," என்பார். அதையும் விடவில்லை இந்தப் பிள்ளை, சதானந்தம் அதை நாலு தடவை சொல்கிறார், நாலு தடவையும் ஜனம் சிரிக்கிறது, நாலு தடவையும் இவர் முழங்கையால் இடித்து, "என் டயலாக்கு," என்கிறார். அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் ஐயா, இது தெரிய வேண்டாமா ஒரு மனுஷனுக்கு, என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, பிள்ளை மேல் வந்ததா, புருஷன் மேல் வந்ததா, முறுக்குக்கார அம்மாள் மேல் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம். இவரோ அந்த அம்மாளைத் தாண்டி எட்டிப் பார்த்து, "எப்படி ரசிக்கிறாங்க பாரு," என்றார். தன் வசனத்தை நாலு இடத்தில் போட்டிருக்கிறான், கதை என்னவோ டிரைவிங் ஸ்கூல் கதை, அவ்வளவுதான் அவருக்கு. அவ்வளவோடு முடிந்துபோனால் பிள்ளையாருக்கு நூற்றெட்டு தேங்காய் உடைக்கிறேன் என்று சம்பூரணம் வேண்டிக்கொண்டாள், உடனே நூற்றெட்டு ரொம்ப அதிகமோ, நிறைவேற்ற முடியாமல் அது வேறு தெய்வக்குற்றம் ஆகிவிடுமோ என்று பதினொன்றாகக் குறைத்துக்கொண்டாள்.

அவளால் அப்படித்தான் முடியும். கேஸை மூடினோமா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிற ஜாதி அவள். கல்யாணமான நாளிலிருந்து, இதை மூடிவிட்டு ஒழுங்காக ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போங்கள் என்று சொல்லாத வாரம் கிடையாது, அவரும் சிரித்துக்கொண்டே அடுத்த வருஷம் என்று சொல்லாத வாரம் கிடையாது. தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஜூன் மாதம் ரிசல்ட் வந்தது. அப்போதெல்லாம் பேப்பரில் நம்பர் போடுவார்கள், ஏகாம்பரம் மர ஸ்கேலை வைத்து வரிசை வரிசையாகத் தள்ளிக்கொண்டே வருவார், இவள் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் நம்பரைப் படிப்பாள். இருபத்து மூன்று நம்பர். ஒன்றுகூட இல்லை. இரண்டாம் தடவை தேடினார்கள், பக்கத்து வீட்டுப் பேப்பரை வாங்கி அதிலும் தேடினார்கள், அச்சுப்பிழையாக இருக்கும் என்று அவர் சொல்வாரென்று காத்திருந்தாள், சொல்லவில்லை. ஸ்கேலை மடித்த பேப்பருக்குள் வைத்துவிட்டு உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அன்றைக்கு மட்டுமா, மறுநாளும், அதற்கு மறுநாளும். கூப்பிட்டால் சாப்பிடுவார், சாப்பிட்டதும் படுப்பார், முகச்சவரம் கிடையாது, பேச்சுக் கிடையாது. மூன்றாவது வாரம் ஒரு நாள், சுவரைப் பார்த்தபடியே, "மூடிடலாம் சம்பூரணம்," என்றார். எத்தனை வருஷமாக அந்த ஒரு சொல்லுக்காக அவள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள், கேட்டதும் குளிர்ந்திருக்க வேண்டும், அவளுக்குப் பயம்தான் வந்தது. இந்த வீட்டில் பயப்படுவதற்கு ஒருத்தி போதும், அதற்கு அவள் இருக்கிறாள், அவரும் பயந்துவிட்டால் யாரைப் பார்த்து அவள் திட்டுவாள், யார் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்வாள். தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு ஓசூருக்கு பஸ் ஏறினாள். தங்கை பூங்காவனத்துக்கு அன்றைக்கு ஒரு தும்மல்கூட இல்லை, அவள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து, தங்கை வீட்டுப் பையன் ஒருத்தனின் பேனாவை வாங்கி, இன்லாண்டு லெட்டரில் சம்பூரணம் எழுதினாள். ஐயா அவர்களுக்கு, உங்கள் மாணவன் கோதண்டம் எழுதிக்கொண்டது.

கோதண்டத்தை ஏன் பிடித்தாள் என்றால் அவன்தான் கண்காணாமல் போயிருந்தான். டுடோரியலில் சேர்ந்து ஆறு தடவை பரீட்சை எழுதி ஆறு தடவையும் கணக்கிலும் இங்கிலீஷிலும் தவறிப்போய், ஒரு நாள் பையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் கிளம்பிப் போனவன், எங்கே போனான் என்று ஒருத்தருக்கும் தெரியாது. போனவனுக்கு அவள் ஓசூரில் ஒரு கம்பெனி வேலை வாங்கிக் கொடுத்தாள். போன அக்டோபரில் தனியாகப் பணம் கட்டிப் பரீட்சை எழுதினேன், கணக்கில் பாஸாகிவிட்டேன், என்று எழுதிவிட்டு மார்க்கை எழுதாமல் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அறுபது என்று போட்டால் அந்த மனுஷனே நம்ப மாட்டார். முப்பத்தைந்து என்று போட்டால் யாரோ தள்ளிவிட்ட மாதிரி இருக்கும். முப்பத்தெட்டு என்று எழுதினாள். எழுதியதும் அவளுக்கே நிஜம் போலிருந்தது, பையன் கஷ்டப்பட்டு வாங்கியிருக்கிறான் என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல. அந்தச் சூட்டில், அம்மா கையால் சாப்பிட்ட எலுமிச்சம்பழ சாதத்தை மறக்க முடியவில்லை என்று ஒரு வரி சேர்த்தாள், ஏன் சேர்த்தாள், அது ஒன்றுதான் இத்தனை வருஷமும் அவளைக் குத்துகிறது, பொய்க் கடுதாசியில் தன்னைத் தானே புகழ்ந்துகொண்ட பொம்பளை இந்த ஜில்லாவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அனுப்புநர் முகவரி எழுத மறந்துவிட்டாள், அது பெட்டியில் போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது, ஊர் வந்து சேரும்வரை, மாட்டிக்கொண்டோம் என்றே முடிவு செய்திருந்தாள். கடுதாசி வந்தது. அவர் படித்தார், எழுந்து உட்கார்ந்து படித்தார், நின்றுகொண்டு படித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட்ரஸ் போடலை பாரேன், சார் பதில் எழுதி நேரத்தை வீணாக்கக் கூடாதுன்னு நெனச்சிருக்கான், எவ்வளவு அடக்கம்," என்றார். அன்றைக்குச் சாயங்காலம் முகச்சவரம் பண்ணிக்கொண்டார்.

அது அதோடு முடிந்திருந்தால் தேவலை. அதைக் கண்ணாடிக் காகிதத்துக்குள் போட்டு ஒட்டி வைத்துக்கொண்டு, புதிதாகச் சேருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதல் நாள் முதல் பாடமாக அதைத்தான் படிப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருப்பாள், அவள் எழுதியது அவர் குரலில் வரும், முப்பத்தெட்டு என்கிற இடத்தில் நிறுத்துவார், பிள்ளைகள் கைதட்டும். அதைக் கேட்டு உட்கார்ந்து படித்துப் பாஸானவர்கள் இருக்கிறார்கள், ஒருத்தி நர்ஸாக இருக்கிறாள், ஒருத்தன் போலீஸ், பொய்யில்லை, தீபாவளிக்கு வந்து காலில் விழுவார்கள், விழும்போது அவளுக்கு உள்ளங்கால் கூசும். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே போய்ச் சேர்ந்திருப்பாள், போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு மத்தியானம் செழியன் போனில், கதை நகரவே மாட்டேங்குதும்மா, ரெண்டாவது பாதி சுத்தமா செத்துக் கெடக்கு, என்று அழாத குறையாகப் பேசினான், பிள்ளையைச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தாள், ஓசூர் பஸ்ஸிலிருந்து எலுமிச்சம்பழ சாதம்வரை கொட்டிவிட்டாள். அவன் சிரித்தான். அப்புறம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "லைன்ல இருக்கியாடா?" என்று கேட்டதற்கு, "இருக்கேம்மா," என்றான், குரல் மாறியிருந்தது. அப்பாகிட்ட சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனை வைத்தாள். பிள்ளை சத்தியத்தைக் காப்பாற்றுகிறவன். அப்பாவிடம் சொல்லாதே என்றுதான் சொன்னாள், ஊருக்குச் சொல்லாதே என்று சொல்லவில்லையே.

திரையில் ஒரு தபால்காரர் சைக்கிளில் வந்தார். சம்பூரணத்துக்கு மூச்சு நின்றுபோயிற்று. கண்ணை மூடிக்கொள்ளலாமா, மூடினால் காது கேட்குமே, அவரை எழுப்பி வெளியே கூட்டிப் போய்விடலாம், மயக்கம் வருகிறது என்று சொன்னால் உடனே வருவார், இப்போதே சாய்ந்துவிடலாம், சாய்ந்தால் பிள்ளை படத்தை நிறுத்திவிட்டு ஓடி வருவான், அத்தனை பேர் முன்னாலும் அவன் படம் பாதியில் நிற்கும், ஆறு வருஷப் பாடு, அது மகா பாவம். தபால்காரர் சதானந்தத்தின் வீட்டைத் தாண்டிப் போய், எதிர்வீட்டில் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தார். இவள் விட்ட மூச்சைக் கேட்டு முறுக்குக்கார அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "சுகரா?" என்று கிசுகிசுத்து ஒரு மிட்டாயை உள்ளங்கையில் வைத்தாள். சம்பூரணம் அதைப் பிரிக்கத் தெரியாமல் காகிதத்தோடு கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் பயம் என்று சொன்னால் அதிலும் ஒரு பயத்துக்கு அடியில் இன்னொரு பயம் இருக்கிறது, அதைப் பிள்ளையிடம்கூட அவள் சொல்லவில்லை. பதினாறு வருஷம் முன்னால், நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு வந்தவாசி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தாள், நல்ல வெயில். ஒரு பஸ்ஸின் மேல் கோரைப்பாய்க் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தவன் கடகடவென்று ஏணியில் இறங்கி வந்து, தலையில் இருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான் கோதண்டம்," என்றான். செத்தவன் எழுந்து வந்து நின்றாலும் அப்படித் தூக்கிவாரிப் போட்டிருக்காது. தாடி, கருத்துப்போய், தோளில் காய்ப்பு. பாய்க் கட்டு ஏத்துறேம்மா, பத்து வருசமா இதான், என்றான். சாரு எப்படி இருக்காரு, பள்ளிக்கூடம் நடக்குதா, என்றான். சம்பூரணம் எதற்கோ தலையை ஆட்டினாள். "பெயிலாயிட்டு மூஞ்சி காட்ட வெக்கமா இருந்துச்சிம்மா, அதான் வரலை. சாரைப் பாக்கணும்போல இருக்குது. ஒரு நாள் வரட்டுமா?" என்றான். வந்தான் என்றால், வந்து அந்த வாசலில் நின்றான் என்றால், கையில் கண்ணாடிக் காகிதத்தோடு அவர் வெளியே வருவாரே. அவள், "வராதேப்பா," என்றாள். வேணாம், வராதே. காரணம் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது. அவன் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். செய்யாறு பஸ் வந்ததும் கூட்டத்துக்குள் புகுந்து போய் ஜன்னலோரத்தில் துண்டைப் போட்டு அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனான். அந்த இடத்தில் உட்கார்ந்துதான் ஊர் வந்து சேர்ந்தாள். அதற்கப்புறம் வந்தவாசி வழியாக அவள் போனதில்லை, சுற்றிக்கொண்டு ஆரணி வழியாகப் போவாள், கேட்டால் ரோடு சரியில்லை என்பாள். அந்தக் கடுதாசி ஒரு பொய், ஒரு மனுஷனைத் தூக்கி நிறுத்தின பொய், அதற்குச் சாமி மன்னித்தாலும் மன்னிக்கும். இதற்கு என்ன பெயர் வைப்பது, ஆறு தடவை தவறினவனை ஏழாவது தடவை அவள் தவற வைத்தாள். இவருக்குத் தெரிந்தால் எது அவரை உடைக்கும், அதுவா இதுவா.

அவள் வந்தவாசியில் நின்றுகொண்டிருந்த நேரத்தில் படம் அடுக்களைக்கு வந்துவிட்டது. சதானந்தத்தின் பெண்டாட்டியாக நடித்த அம்மாள், சோர்ந்த முகம், நல்ல நடிகை என்று சொல்வார்கள், அரிவாள்மனைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முழங்கால் மேல் காகிதத்தை வைத்து எழுதத் தொடங்கினாள். ஐயா அவர்களுக்கு. வந்தேவிட்டது. தியேட்டரில் சிரிப்பு சட்டென்று நின்றது. அந்த அம்மாள் எழுதுகிறாள், அடிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள், மார்க்குக்குப் பதில் அதில் எட்டு, முதல் தடவையே எட்டுப் போட்டுவிட்டேன் ஐயா, என்று எழுதிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சம்பூரணம் இடது பக்கம் திரும்பவில்லை, கழுத்து திரும்ப மறுத்தது, காதை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தமே இல்லை. படம் தொடங்கியதிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இடித்த முழங்கை இடிக்கவில்லை. மூச்சு வருகிறதா என்றுகூடத் தெரியவில்லை. தெரிந்துவிட்டது, தெரிந்தேவிட்டது, இன்லாண்டு லெட்டர், அட்ரஸ் இல்லை, ஓசூர், அவள் ஓசூர் போன வாரம், கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரியாத மனுஷனா, கணக்கு வாத்தியார். இவள் கையிலிருந்த மிட்டாய் இளகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டது. திரையில் காலம் ஓடியது, சதானந்தத்துக்குத் தலை நரைத்தது, ஒரு நாள் பெரிய கார் ஒன்று டிரைவிங் ஸ்கூல் வாசலில் வந்து நிற்கிறது, அந்தப் பையன் இறங்குகிறான், கோட்டும் சூட்டும், அவனே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான், ஐயா, என்று காலில் விழுகிறான். பொய்யாக எழுதினதெல்லாம் நிஜமாகிவிட்டதாம். எல்லோரும் கைதட்டினார்கள். முறுக்குக்கார அம்மாள் அழுதுகொண்டே தட்டினாள். எங்கள் கோதண்டம் பாய்க் கட்டு தூக்குகிறானடா, என்று சம்பூரணத்துக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, அவனை நான் வாசல் மிதிக்க விடலைடா. பிள்ளைக்கு என்ன தெரியும், அவனுக்குத் தெரிந்ததை வைத்து நல்லபடியாக முடித்திருக்கிறான்.

விளக்குப் போட்டார்கள். ஜனம் எழுந்து செழியனைச் சூழ்ந்துகொண்டது, ஆளாளுக்குக் கட்டிப்பிடித்தார்கள். ஏகாம்பரம் எழவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார், கண் ஈரமாக இருந்தது. சம்பூரணம் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு காத்திருந்தாள்.

"பாவம் சம்பூரணம், அந்த ஆளு," என்றார்.

"யாரு?"

"சதானந்தம்தான். அத்தனை வருசமும் பொய்க் கடுதாசியை வச்சிக்கிட்டு ஓட்டியிருக்கான். செழியனுக்கு நல்ல கற்பனை, நம்ம கடுதாசியை வச்சி எங்கயோ கொண்டுபோயிட்டான். நல்லவேளை, நமக்கு நெஜமாவே வந்துச்சி."

தப்பித்தாள். காலையிலிருந்து, காலையிலிருந்தா, இருபத்தைந்து வருஷமாக எதற்குப் பயந்தாளோ அது வந்து, முகத்துக்கு நேராக நின்று, அவளைத் தொடாமல் போய்விட்டது. இனிமேல் எழுந்து வீட்டுக்குப் போகலாம், பிள்ளையாருக்குப் பதினொரு தேங்காய் உடைக்கலாம். நிம்மதி வர வேண்டும், வரவில்லை. நாற்பது பேர் பார்த்து அழுதாகிவிட்டது, இந்த ஒருத்தருக்கு மட்டும் இன்னும் தெரியாது, இனிமேல் தெரியவே தெரியாது, இனிமேலும் அவர் கடுதாசி படிக்கும்போது வெங்காயம் அரிந்துகொண்டு அவள் கேட்க வேண்டும், கோதண்டம் கோட்டுப் போட்டுக்கொண்டு காரில் வந்து இறங்குவதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பார். அவளுக்குத் தாங்கவில்லை.

"அந்தக் கடுதாசியை நான்தாங்க எழுதினேன்," என்றாள்.

அவர் திரும்பி, வழிக் கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்க்கிற சிரிப்போடு பார்த்தார். "படம் பாத்தா உனக்கு இப்படித்தான். சீரியல்ல ஒரு பொம்பளைக்கு இருதயம் வீங்கிடிச்சின்னு நீ போயி ஈ.சி.ஜி. எடுத்துட்டு வந்தவதானே."

"ஓசூர்ல, பூங்காவனம் வீட்டுல உக்காந்து எழுதினேன். அவளுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை. கோதண்டம் பாஸாகலைங்க. வந்தவாசி பஸ் ஸ்டாண்டுல பாய்க் கட்டு ஏத்திக்கிட்டிருந்தான். என்னைப் பாத்துட்டு இறங்கி ஓடியாந்தான். சாரைப் பாக்க வரட்டுமான்னு கேட்டான். நான் வராதேன்னுட்டேன்."

சிரிப்பு அவர் முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் போயிற்று. தொண்ணூற்றொன்பதில் பேப்பரை மடித்த அன்றைக்குப் பார்த்த முகம் வந்தது, இந்த முகத்தை மறுபடி பார்க்கக் கூடாதென்றுதான் இத்தனையும் செய்தாள். திரையில் ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை, அவர் அதையே பார்த்தார்.

"எப்போ?"

"பதினாறு வருசமாச்சி."

"என்ன சொல்லி வராதேன்னே?"

"வராதேப்பா, வேணாம்னேன். வேற ஒண்ணும் சொல்லலை."

"அவன் என்ன சொன்னான்?"

"சரிம்மான்னான்."

"சரிம்மான்னானா," என்றார். அடுத்த நிமிஷம் அந்த மனுஷன் அழுதார். முகத்தை மூடிக்கொள்ளவில்லை, தோள் குலுங்க, வாய் கோண, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார், கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அவள் பார்க்காத அழுகை. தூரத்திலிருந்து செழியன் பார்த்தான், பக்கத்தில் நின்றவரின் கையைப் பிடித்து, "அப்பா அழறாருங்க," என்று பூரித்துப்போய்க் காட்டினான். அந்த ஆளும் பெருமையாகத் தலையை ஆட்டினார். கையை எடுத்துப் புருஷன் முதுகில் வைக்கலாமா என்று சம்பூரணம் யோசித்தாள், வைத்தால் தட்டிவிடுவாரோ என்று பயமாக இருந்தது, வைக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் போகிறார், இந்தத் தடவை எழுப்ப அவளிடம் கடுதாசி கிடையாது.

அவர் வேட்டி நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவளைப் பார்க்காமலே, "இங்கேருந்து வந்தவாசிக்கு எத்தனை மணிக்கிப் பஸ்ஸு?" என்றார்.

"தெரியலைங்க. கேக்கணும்."

"பத்தாவது எழுதறதுக்கு வயசெல்லாம் கெடையாது," என்றார். எழுந்து நின்றார், முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார். "அவனுக்குக் கணக்கு ஒண்ணுதானே நிக்குது?"

அவர் கேட்ட விதத்தில், ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும்போல்தான் அவளுக்கு இருந்தது, சொன்னால் அந்த முகம் இன்னும் கொஞ்சம் தெளியும். அவர் கைக்கடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

"இங்கிலீஷும் நிக்குதுங்க," என்றாள்.